பதிவிடுமுன் படியுங்கள்

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மக்கள் தொடர்புப் பணியில் இருப்போருக்காக ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘சமூக ஊடகம்: மக்கள் தொடர்பாளர் படிக்க வேண்டியவை’ என்பது எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. நூல் பட்டியலை எதிர்பார்த்துச் சிலர் பேனாவைத் திறந்து வைத்திருப்பது மேடையிலிருந்தே தெரிகிறது. பட்டியல் உண்டு. ஆனால் கடைசியில்தான் வரும்.

சமூக ஊடகம் வந்த பிறகு நம் தொழிலில் எழுதுவது பெருகிவிட்டது, படிப்பது குறைந்துவிட்டது. காலையில் ஒரு வாழ்த்துப் படம், மதியம் ஒரு காணொளி, மாலையில் ஒரு விழாச் செய்தி என்று பக்கத்தை நிரப்பிக்கொண்டே இருக்கிறோம். அந்தப் பதிவுகளுக்குக் கீழே ஊர்க்காரர்கள் எழுதியிருப்பதை யார் படித்தீர்கள் என்று கேட்டால், அறையில் அமைதிதான். மக்கள் தொடர்பு அடிப்படையில் ஒரு படிக்கும் வேலை. ஊரைப் படிக்க வேண்டும், சட்டத்தைப் படிக்க வேண்டும், நடந்து முடிந்த விபத்துகளைப் படிக்க வேண்டும், நம்மைத் திட்டி எழுதியதையும் கடைசி வரி வரை படிக்க வேண்டும். எழுதுவது அதற்கெல்லாம் பிறகு வருவது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன், எப்படி என்பதை இந்த மண்ணின் கதைகளைக் கொண்டே சொல்கிறேன்.

இந்த அரங்கில் சிமென்ட் ஆலைக்காரர்கள் இருக்கிறீர்கள். டயர் ஆலை, சர்க்கரை ஆலை, மருத்துவமனை, பொறியியல் கல்லூரி, கூட்டுறவு வங்கி, ஆட்சியர் அலுவலகம் என்று பல இடங்களிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். நிறுவனங்கள் வேறு, மக்கள் ஒன்றே. திருச்சி மாவட்டத்திலிருந்து 1995-ல் பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் அரியலூர் தனி மாவட்டமானது, 2002-ல் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்தது, 2007-ல் திரும்பவும் பிரிந்தது. நிர்வாகக் கோடு எத்தனை முறை மாறினாலும் குன்னத்துக்காரரின் உறவுகள் செந்துறையில் இருக்கின்றன. அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவுக்கு மாவட்ட எல்லை கிடையாது. ஆகவே இரண்டு மாவட்டங்களையும் சேர்த்தே பேசுகிறேன்.

இரண்டு ரயில்கள்

உலகத்தில் எந்த மக்கள் தொடர்புப் பாடநூலைத் திறந்தாலும் முதல் சில அத்தியாயங்களுக்குள் ஒரு ரயில் விபத்து வரும். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 28. அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே ஒரு ரயில் பாலத்திலிருந்து தடம் புரண்டு தண்ணீரில் விழுந்தது. 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளுக்கு விபத்து நடந்தால் தெரிந்த ஒரே வழி, நிருபர்களை அண்டவிடாமல் செய்திகளை மூடி மறைப்பது. பென்சில்வேனியா ரயில் கம்பெனிக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ அதைத் தலைகீழாகச் செய்தார். நடந்தது என்ன என்று கம்பெனியின் பெயரிலேயே ஓர் அறிக்கை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நிருபர்கள் விபத்து நடந்த இடத்துக்கே போய்ப் பார்க்க ஏற்பாடு செய்தார். ‘நியூயார்க் டைம்ஸ்’ அந்த அறிக்கையை அப்படியே அச்சிட்டது. முதல் செய்திக் குறிப்பு என்று இன்றும் பலர் குறிப்பிடுவது அதைத்தான். நம் வேலை வெளிப்படையாக நடக்கும், தருவது சரியான தகவலாக இருக்கும் என்ற கொள்கை அறிக்கையையும் அவர் அதே 1906-ல்தான் வெளியிட்டார்.

சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து நம் ஊருக்கு வாருங்கள். 1956 நவம்பர் 23, விடியற்காலை. சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கி வந்த எக்ஸ்பிரஸ் ரயில் அரியலூரைத் தாண்டிக் கல்லகம் நோக்கிப் போகிறது. பெருமழையால் மருதையாற்றில் வெள்ளம். ஆற்றுப் பாலத்தருகே மண் அரித்துப் போயிருந்தது. எஞ்சினும் அதைத் தொடர்ந்த பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்தன. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மத்திய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் நடந்த விபத்தின்போதே அவர் பதவி விலக முன்வந்தார், பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பிறகு மீண்டும் விலகல் கடிதம் கொடுத்தார். இம்முறை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்குச் சாஸ்திரி காரணம் என்பதற்காக ஏற்கவில்லை, பொது வாழ்வின் முறைமைக்கு இது முன்னுதாரணமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்கிறேன் என்ற பொருளில் நாடாளுமன்றத்திலும் சொன்னார்.

இதே விபத்துக்கு இன்னொரு முகம் உண்டு. ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் ஓ.வி. அழகேசன், நம் தமிழ்நாட்டுக்காரர். அடுத்து வந்த 1957 பொதுத் தேர்தலில் அரியலூரையும் அவர் பெயரையும் எதுகையோடு இணைத்த ஒரு முழக்கத்தைத் திராவிட முன்னேற்றக் கழகத்தார் மேடைதோறும் எழுப்பினார்கள். கைப்பேசி இல்லை, தொலைக்காட்சி இல்லை. அந்த ஒற்றை வரி தேநீர்க் கடைக்குத் தேநீர்க் கடை பரவியது. அழகேசன் அந்தத் தேர்தலில் தோற்றார். பெரியவர்கள் சிலருக்கு அந்த வரி இன்றும் நினைவிருக்கிறது. ‘வைரல்’ என்று நாம் சொல்வது இன்ஸ்டாகிராமோடு பிறந்த சங்கதி அல்ல.

இரண்டு விபத்துகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் நம் தொழிலின் பலமும் எல்லையும் தெரியும். மறைக்காதே, நீயே முன்வந்து சொல், பார்க்க வழிவிடு என்று 1906 கற்றுத்தருகிறது. சொன்னால் மட்டும் போதாது, யார் பொறுப்பு என்று மக்கள் கேட்பார்கள் என்று 1956 கற்றுத்தருகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மக்கள் தொடர்பாளர் அல்லர், அவருக்கு மேலே இருப்பவர். கறுப்பு நாடா போட்ட இரங்கல் படத்தை எவ்வளவு அழகாக வடிவமைத்தாலும் அந்தப் பதிலுக்கு அது ஈடாகாது. அதை மேலே இருப்பவரிடம் துணிந்து சொல்வதும் நம் வேலையில் சேர்ந்ததுதான்.

ஐவி லீயின் கதையை 1906-லேயே நிறுத்திவிடாதீர்கள். 1914-ல் கொலராடோ மாநிலத்தின் லட்லோவில் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் கொல்லப்பட்டன. அந்தச் சுரங்க நிறுவனத்தைக் கையில் வைத்திருந்த ராக்பெல்லர் தரப்புக்காக லீ வெளியிட்ட துண்டறிக்கைகளில் தவறான தகவல்கள் இருந்தது பின்னர் வெளிப்பட்டது. எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் ஒரு நச்சுச் செடியின் பெயரை அவருக்குப் பட்டப்பெயராக்கினார். அது சாகும்வரை போகவில்லை. எட்டு ஆண்டுகளில் ஒரே மனிதர் நம் தொழிலுக்கு நல்ல உதாரணமாகவும் கெட்ட உதாரணமாகவும் ஆனார். ஆலைகள் நிறைந்த இந்தப் பகுதியில் வேலை பார்ப்பவர்கள் இரண்டு பாதியையும் படிக்க வேண்டும்.

இன்றைய காலத்துக்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். 2023 அக்டோபரில் அரியலூர் மாவட்டம் விரகாலூரில் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. முதலில் வந்த சாவு எண்ணிக்கை பிறகு உயர்ந்தது. எந்தப் பெரிய விபத்திலும் இப்படித்தான் நடக்கும். இந்த மாதிரி நேரத்தில் எண்ணைச் சொல்லும்போது ‘இத்தனை மணி நிலவரப்படி’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த தகவல் எப்போது தருவீர்கள் என்பதையும் சொல்லுங்கள், அந்த நேரத்துக்குப் புதிய தகவல் இல்லாவிட்டாலும் ‘இன்னும் இல்லை’ என்று வந்து சொல்லுங்கள். இந்த இரண்டு பழக்கங்கள் பாதி வதந்தியை முளையிலேயே நிறுத்தும்.

குன்னத்து ‘முட்டைகள்’

மக்கள் தொடர்பாளர் தன் ஊரின் மண்ணைப் படிக்க வேண்டும் என்றேன். அதைச் சொல்ல இந்த மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

2020-ஆம் ஆண்டின் பிற்பகுதி. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளத்தில் மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைகள் கிடைத்தன. யாரோ படம் எடுத்தார்கள். ‘பெரம்பலூரில் டைனோசர் முட்டைகள்’ என்று அது ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் நாடு முழுக்கப் பறந்தது. நிலவியல் அறிந்தவர்கள் நேரில் பார்த்துவிட்டு, இவை முட்டைகள் அல்ல என்றார்கள். கடலில் வாழ்ந்து அழிந்துபோன அம்மோனைட் என்ற உயிரினத்தின் எச்சத்தைச் சுற்றி வண்டல் திரண்டு இறுகி உருவான உருண்டைகள் அவை.

வதந்தி ஏன் அத்தனை எளிதில் வேரூன்றியது என்று பாருங்கள். அடியில் ஓர் உண்மை இருந்தது. 2009-ல் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பகுதியில் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் டைனோசர் முட்டைப் படிமங்களைக் கண்டறிந்ததாக அறிவித்த செய்தி உலகமெங்கும் போயிருந்தது. அந்த நினைவின் மேல் இந்தப் படம் வந்து உட்கார்ந்துகொண்டது. முழுப் பொய் அதிக தூரம் போவதில்லை. ஒரு பிடி உண்மை கலந்த பொய்தான் ஊர் ஊராகச் சுற்றும்.

இந்த நேரத்தில் ஒரு மக்கள் தொடர்பு அலுவலர் கையில் என்ன இருந்திருக்க வேண்டும்? நம் பகுதி ஒரு காலத்தில் கடல். கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் விட்டுச்சென்ற அடுக்குகள் காரை, சாத்தனூர், கல்லங்குறிச்சி என்று இரண்டு மாவட்டங்களிலும் விரிந்து கிடக்கின்றன. சாத்தனூரில் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமை கொண்ட, 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் உலகுக்கு அறிவித்தார். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது. நாம் பெருமையோடு சொல்லும் சிமென்ட் தொழிலும் இந்தக் கடலின் கொடைதான். அந்தக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்தான் இன்று ஆலைகளுக்குப் போகிறது. இவ்வளவையும் இரண்டு பக்கத்தில் எழுதி, அம்மோனைட் படம் ஒன்றையும் பக்கத்திலுள்ள நிலவியல் பேராசிரியரின் தொடர்பையும் சேர்த்து ஒரு கோப்பாக வைத்திருந்தால், மறுப்பு அன்று மாலையே போயிருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். ‘இது டைனோசர் முட்டை அல்ல’ என்று மட்டும் சொல்லும் மறுப்பு வேலை செய்யாது. அப்படியானால் இது என்ன என்ற கேள்வி நிற்கும், அந்த வெற்றிடத்தில் அடுத்த கதை வந்து குந்தும். கைக்குள் அடங்கும் அம்மோனைட்டைச் சுற்றி வண்டல் எப்படி உருண்டையாகத் திரண்டது என்று காட்டிவிட்டால் கதை முடிந்தது. ஸ்டீபன் லெவண்டோவ்ஸ்கி, ஜான் குக் முதலிய ஆய்வாளர்கள் எழுதிய ‘டீபங்கிங் ஹேண்ட்புக்’ என்ற சிறு கையேடு இதைத்தான் சொல்கிறது. 2020-ல் அதன் புதிய பதிப்பு வந்தது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் உண்மையைச் சொல், பிறகு பொய்யை ஒரே ஒரு முறை குறிப்பிடு, அது எந்த இடத்தில் ஏமாற்றுகிறது என்று விளக்கு, முடிவில் மறுபடியும் உண்மையைச் சொல். நம்மில் பலர் செய்வது நேர்மாறாக இருக்கிறது. பொய்யைப் பெரிய சிவப்பு எழுத்தில் போட்டு, அதன் மேல் ‘வதந்தி’ என்று முத்திரை குத்துகிறோம். பார்ப்பவர் மனத்தில் பதிவது சிவப்பு எழுத்துதான்.

மூவர் சொல்லும் ஒன்றாக இருந்தால்

வதந்தியைச் சரிபார்க்க வெளிநாட்டுக் கையேடுதான் வேண்டும் என்பதில்லை. திருக்குறளில் ‘ஒற்றாடல்’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 59-ஆவது. அரசனுக்குச் சொன்னது. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்துக்கொள் என்கிறார் வள்ளுவர். ஒருவரை ஒருவர் அறியாத மூவரின் சொல் ஒத்துப்போனால் அப்போது நம்பு என்றும் சொல்கிறார். அந்த ‘ஒருவரை ஒருவர் அறியாத’ என்ற நிபந்தனையில்தான் சூட்சுமம். ஒரே காணொளி பத்துக் குழுக்களில் வந்தால் பத்துச் சாட்சி ஆகாது, அது ஒரே சாட்சியின் பத்து நகல்.

இதைப் படிக்காததன் விலை உயிர். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்ததைப் பார்த்து, குழந்தை கடத்த வந்தவர் என்று கும்பல் அடித்துக் கொன்றது. அந்தப் பகுதியில் அப்போது சுற்றிக்கொண்டிருந்தவை குழந்தைக் கடத்தல் பற்றிய வாட்ஸ்அப் செய்திகள். நாட்டின் பிற பகுதிகளிலும் இப்படிக் கொலைகள் நடந்தன. அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

2023 மார்ச் மாதத்தில் இன்னொன்று. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பழைய காணொளிகளும் வேறு மாநிலங்களில் எடுத்த காணொளிகளும் வட இந்தியாவில் பரப்பப்பட்டன. பயந்து ஊர் திரும்பத் தொழிலாளர்கள் ரயில் நிலையங்களில் திரண்டார்கள். தமிழ்நாட்டுக் காவல்துறை மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துச் சென்றது. இந்த விவகாரத்தில் நமக்கான பாடம் மொழி. பயந்தவர் படிப்பது இந்தி, மறுப்பைத் தமிழில் மட்டும் போட்டால் யாருக்குப் போய்ச் சேரும்? காவல்துறை இந்தியிலும் விளக்கம் சொன்ன பிறகே அது உரியவர் காதுக்குப் போனது. வட மாநிலத் தொழிலாளர் வேலை செய்யும் ஆலைகளின் மக்கள் தொடர்பாளர்கள், அவர்கள் எந்த மொழியில், எந்தச் செயலியில் செய்தி பார்க்கிறார்கள் என்று இன்றே கேட்டு எழுதி வையுங்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் தமிழ்நாடு அரசு தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை ஏற்படுத்தியது. அதன் பதிவுகளை நாள்தோறும் பாருங்கள். முடிவை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் படியுங்கள்.

2020 மே முதல் வாரத்தையும் இந்த ஊர் மறந்திருக்காது. கோயம்பேடு சந்தையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் வழியாகக் கொரோனா பரவி, அரியலூரிலும் பெரம்பலூரிலும் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. வயிற்றுப்பாட்டுக்குச் சென்னை போன தொழிலாளி, நோயைக் கொண்டுவந்தவர் என்ற பட்டத்தோடு சொந்த ஊரில் நிற்க நேர்ந்தது. ஊரையும் தெருவையும் தொழிலையும் எந்த அளவுக்குச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்ற கேள்வி அப்போது ஒவ்வொரு அலுவலகத்துக்கும் வந்தது. பொதுச் சுகாதாரத்துக்குத் தேவையான விவரத்தைச் சொல், ஒருவரை அடையாளம் காட்டும் விவரத்தைச் சொல்லாதே. உலக சுகாதார நிறுவனத்தின் இடர்க்காலத் தகவல் தொடர்பு வழிகாட்டிகள் இதை விரிவாகப் பேசுகின்றன. மருத்துவமனையில் இருப்பவர்கள் அவற்றை அடுத்த தொற்று வருவதற்குள் படித்து முடியுங்கள்.

சட்டமும் ஒரு நூல்தான்

மக்கள் தொடர்பாளர் படிக்கத் தயங்குவது சட்டத்தை. வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். வக்கீல் வருவது வழக்கு வந்த பிறகு. பதிவு போடுவது நாம்.

அரசு அலுவலகத்தில் இருப்போர் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 4-ஆம் பிரிவை வரிவரியாகப் படியுங்கள். யாரும் மனுப் போடாமலே அலுவலகம் தானாக வெளியிட வேண்டிய 17 வகைத் தகவல்களை அது பட்டியலிடுகிறது. உங்கள் முகநூல் பக்கத்துக்கு ஓர் ஆண்டுக்குத் தேவையான பொருள் அதில் இருக்கிறது. திட்டத்தில் யாருக்குத் தகுதி, எவ்வளவு பணம் வந்தது, யார் அதிகாரி, எத்தனை நாளில் முடிவு. மக்கள் தேடுவது இதைத்தான். விழாவில் குத்துவிளக்கு ஏற்றும் படத்தைத் தேடி யாரும் வருவதில்லை.

ஆலைகளிலும் சுரங்கங்களிலும் இருப்போருக்கு 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை பாடநூல். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும், உள்ளூர் மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும், அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும், கூட்டம் முழுவதும் காணொளியாகப் பதிவாக வேண்டும். சட்டம் கேட்பது இவ்வளவு. தமிழ்ச் சுருக்கத்தை ஒரு விவசாயி வாசித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதுகிறோமா? மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டு எடுத்த தமிழைக் கொடுத்துவிட்டு, மக்கள் புரியாமல் எதிர்க்கிறார்கள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பள்ளி, கல்லூரி, மருத்துவமனை நண்பர்களுக்கு மூன்று குறிப்புகள். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், படம், பள்ளி, ஊர் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடுவதை போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கிறது. நல்லெண்ணத்தோடு போடும் ‘நீதி வேண்டும்’ பதிவுக்கும் அது பொருந்தும். அடுத்து, 2023-ன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். நோயாளியின் கட்டுப்போட்ட காலையும் மாணவியின் மதிப்பெண் சான்றிதழையும் வெற்றிக் கதையாகப் போடுவதற்கு முன் அவர்களுடைய ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவது, இன்ஸ்டாகிராம் பிரபலங்களுக்குப் பணம் கொடுத்து மாணவர் சேர்க்கைக்கு விளம்பரம் செய்யும்போது அது விளம்பரம் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இதற்கு வழிகாட்டிகள் வெளியிட்டிருக்கின்றன. இரண்டும் சில பக்கங்கள்தான்.

கருத்துப் பெட்டி என்னும் பாடநூல்

இனி, நான் முக்கியமாகக் கருதும் படிப்புக்கு வருகிறேன்.

ஓர் ஆலை மரம் நடும் விழாப் படத்தைப் போடுகிறது. கீழே ஒருவர் எழுதுகிறார்: ‘மரம் நட்டது சரி, லாரி பள்ளிக்கூட நேரத்தில் ஊருக்குள்ளே ஓடுதே, அதை எப்ப நிறுத்துவீங்க?’ கற்பனைதான். ஆனால் அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் ஒருமுறை இருசக்கர வாகனத்தில் போனவருக்கு இது கற்பனை இல்லை. இந்தக் கருத்தை நம்மில் பலர் அழிக்கிறோம், அல்லது ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ என்று இயந்திரப் பதில் போடுகிறோம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அழித்த கருத்தின் படம் வேறொரு குழுவில் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும்.

அந்தக் கருத்தில் நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, கோரிக்கை இருக்கிறது. இப்படி வருபவற்றை ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். எந்த ஊர், என்ன பொருள், எத்தனை பேர், யாரிடம் அனுப்பினோம், என்ன ஆனது. மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் போக்குவரத்து மேலாளர் மேசையில் வையுங்கள். ‘காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை இந்தச் சாலையில் நம் லாரிகள் போகாது’ என்ற முடிவு வந்தால், அந்த ஒரு வரிதான் அந்த ஆண்டின் மிகச் சிறந்த பதிவு. திங்கட்கிழமை தோறும் ஆட்சியரகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஒவ்வொரு மனுவுக்கும் ஓர் எண் தருகிறார்கள். கருத்துப் பெட்டியில் வருவதும் மனுதான்.

எழுத்தில் வராத கருத்துகளும் உண்டு. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் போடும் விவசாயிகள் நிறையப் பேர் எழுதுவதில்லை, குரல் பதிவு அனுப்புகிறார்கள். அதை முழுக்கக் கேட்பதும் படிப்புதான். பெண்கள் பலர் பொதுப் பக்கத்தில் எழுதமாட்டார்கள். அவர்கள் பேசுவது சுய உதவிக் குழுவின் வாட்ஸ்அப்பில், நியாய விலைக் கடை வரிசையில். முகநூலில் எதிர்ப்பு இல்லை என்பதால் ஊரில் எதிர்ப்பு இல்லை என்று எழுதிக் கொடுக்கும் மக்கள் தொடர்பாளர் தன் நிறுவனத்தையே ஏமாற்றுகிறார்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. விருப்பக் குறிகளின் எண்ணிக்கையை அறிக்கையாகக் கொடுப்பதை நிறுத்துவோம். 2010-ல் பார்சிலோனாவில் கூடிய உலகத் தொடர்பியல் அளவீட்டாளர்கள் வகுத்த கோட்பாடுகள், பத்திரிகையில் வந்த இடத்தை விளம்பரக் கட்டணமாகக் கணக்கிட்டுக் காட்டுவது நம் பணியின் மதிப்பு ஆகாது என்று வெளிப்படையாகச் சொல்லின. விளைவைப் பார் என்றன. தடுப்பூசி முகாமுக்குக் கூடுதலாக வந்தவர் எத்தனை பேர், ஒரே புகார் திரும்ப வருவது குறைந்ததா? அறிக்கையில் இருக்க வேண்டியது இது.

சரி, பட்டியல்

பேனாவோடு காத்திருப்பவர்களுக்கு இப்போது சொல்கிறேன். எட்வர்ட் பெர்னேஸ் 1923-ல் எழுதிய ‘கிறிஸ்டலைசிங் பப்ளிக் ஒப்பீனியன்’. மக்கள் கருத்தை வளைக்கும் வித்தையை அவரே விளக்குகிறார். பின்பற்றுவதற்காகப் படிக்காதீர்கள், நம்மீது அந்த வித்தை ஏவப்படும்போது அடையாளம் காணப் படியுங்கள். ஜேம்ஸ் க்ரூனிக்கும் டாட் ஹன்ட்டும் 1984-ல் எழுதிய ‘மேனேஜிங் பப்ளிக் ரிலேஷன்ஸ்’. கவனத்தை மட்டும் ஈர்ப்பது, தகவல் தருவது, மக்கள் மனத்தை ஆராய்ந்து நம் பக்கம் திருப்புவது, மக்கள் சொல்வதைக் கேட்டு நாமும் மாறுவது என்று தொழிலை நான்கு வகையாக அவர்கள் பிரித்தார்கள். இன்று நம் முகநூல் பக்கங்களில் பெரும்பாலானவை முதல் வகையிலேயே நிற்கின்றன. நெருக்கடிக் காலத்துக்கு டிமோதி கூம்ப்ஸின் நூல்கள். நிறுவனமே பாதிக்கப்பட்டதா, தற்செயலாக நேர்ந்ததா, தடுத்திருக்கக் கூடியதா என்று பிரித்துவிட்டு, அதற்கேற்பப் பேசு என்கிறார். தடுத்திருக்கக் கூடிய விபத்துக்கு ‘எதிர்பாராத சம்பவம்’ என்று எழுதுவதுதான் மக்களை அதிகம் கொதிக்க வைக்கிறது. கூட்டம் எப்படித் திரள்கிறது, எப்படிக் கலைகிறது என்று அறிய கிளே ஷிர்க்கியின் ‘ஹியர் கம்ஸ் எவ்ரிபடி’ (2008), ஸெய்னெப் துஃபெக்சியின் ‘ட்விட்டர் அண்ட் டியர் கேஸ்’ (2017).

தமிழில் இரண்டு. சி.பா. ஆதித்தனாரின் ‘இதழாளர் கையேடு’. கடைக்கோடி வாசகனுக்கும் புரிய எழுது என்பது ‘தினத்தந்தி’யை வளர்த்த கொள்கை. கைப்பேசித் திரைக்கு எழுதுகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான அறிவுரை இல்லை. மற்றொன்று திருக்குறள். முன்பு சொன்ன ஒற்றாடலோடு பயனில சொல்லாமை, சொல்வன்மை, தூது, குறிப்பறிதல், அவையறிதல் ஆகிய ஐந்து அதிகாரங்களையும் சேர்த்தால் மொத்தம் 60 குறள்கள். ஒரு வாரத்தில் படித்துவிடலாம். ஒழுக்க நெறிக்கு, 1965-ல் சர்வதேச மக்கள் தொடர்புச் சங்கம் ஏற்ற ஏதென்ஸ் நெறித்தொகுப்பு. இந்தியாவில் 1968 ஏப்ரல் 21-ல் தில்லியில் கூடிய முதல் அனைத்திந்திய மாநாடு அதை ஏற்றது. ஏப்ரல் 21-ஐத் தேசிய மக்கள் தொடர்பு நாளாகக் கொண்டாடுவது அதனால்தான். கேக் வெட்டும் முன் அந்த நெறிகளை ஒருமுறை உரக்க வாசியுங்கள்.

செயலிகளைப் பற்றி நான் ஒரு நூலும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான். எந்த நேரத்தில் பதிவிட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்ற வித்தை ஆறு மாதத்தில் மாறிவிடும். மருதையாற்றுப் பாலத்தில் நடந்ததும் போளூரில் நடந்ததும் கற்றுத்தரும் பாடம் மாறாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளை காலை புதிய பதிவு எதையும் போடாதீர்கள். சென்ற மூன்று மாதப் பதிவுகளுக்குக் கீழே மக்கள் எழுதிய அத்தனையையும் உட்கார்ந்து படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் மூன்று புகார்களை எடுத்து, உங்கள் நிறுவனத்தில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவரிடம் எழுத்தில் கொடுங்கள். பதில் வாங்கி, அந்தப் பதிலை அடுத்த பதிவாகப் போடுங்கள். அவர் பதில் தர மறுத்தால், அந்த நிறுவனத்துக்கு இருப்பது விளம்பரப் பிரிவுதான், மக்கள் தொடர்பு இன்னும் தொடங்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். அதைத் தொடங்கி வைப்பது உங்கள் பொறுப்பு.